கை விழுகிற மூலை

செய்தி அவர் பெயரிலேயே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுப்படி மேடையில் கிடந்த போன் ஒளிர்ந்தது. ‘ஹெப்சி அக்கா’ என்ற பெயரும், மஞ்சள் சேலையில் அவர் சிரிக்கும் அந்தச் சின்னப் படமும் தெரிந்தன. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்; மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார், என் வேலையில் இன்னொரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தப்பு அனுப்பக்கூடிய ஆள்தான் அவர். கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். ‘ஹெப்சி போயிட்டா. காலைல ஆறு மணி. செல்வதாஸ்.’ அக்காவின் கணவர், மனைவியின் போனிலிருந்தே அனுப்பியிருந்தார். அரிசிப் பாத்திரம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூட வேண்டும் என்று தெரிந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஹெப்சிபாயைச் சபைப் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் பத்து வருஷம் பக்கத்து மேசை. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. பள்ளிக்கூடம், நகைக்கடை, கல்யாண மண்டபம், யார் கேட்டாலும் செய்வோம். செய்வது நான். செய்ததை உடைத்துப் பார்ப்பது அக்கா. குறை சொல்வதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான் என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு, கீழே துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள். அதனால் தப்பைத் தப்பு என்று என்னிடம் சொல்லமாட்டார். “ஏட்டி உமா, இங்க வா, ஒரு அதிசயம் காட்டுதேன்” என்பார். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்த வேலை, ஒரு தப்புகூட இல்லாமல் அவர் கையிலிருந்து திரும்பி வந்தது. நான் தலைகால் புரியாமல் எல்லாருக்கும் ரசவடை வாங்கிக் கொடுத்தேன். அக்கா இரண்டு வடையைத் தின்றுவிட்டு, விரலைத் துடைத்தபடி சொன்னார்: “நான் கண்டுபிடிக்கல்லன்னா தப்பு இல்லன்னு நெனச்சிராத மக்கா. எனக்குக் கண்ணுல படல்ல, அம்புட்டுதான்.” மறுவாரம் அந்த மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் பதிவாகியிருந்தது.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை ஒரு பள்ளிக்கூடப் படிவத்தைப் பற்றியது. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தேன். மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினால், அமுக்காமலே ஒரு சின்னப் பெட்டி விரிந்து விளக்கம் காட்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஹோவர் என்று பேர். மிக நன்றாக வந்திருந்தது. அக்கா அதைத் தன் போனில் திறந்து, கட்டைவிரலால் கேள்விக்குறியைத் தொட்டார். விளக்கம் வரவில்லை. படிவம் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. நான் போனைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்தார். நம்ம ஊரில் எவன் மவுஸ் வைத்திருக்கிறான், மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறபோதுதான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் படிவம் நிரப்புவான் என்றார். கடைசியாக அவர் சொன்னதை நான் அன்றைக்குத் தொழில் பாடமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“மவுஸுக்கு எட்டிப் பாக்கத் தெரியும் ஏட்டி. பக்கத்துல போயி, என்னதுன்னு பாத்துட்டு, வேண்டாம்னா திரும்பி வந்துரும். விரலுக்கு அது தெரியாது. தொட்டா தொட்டதுதான்.”

திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். அப்போதும் விடவில்லை. எழுத்தடிக்கச் சோம்பல் அவருக்கு. தப்புகளையெல்லாம் குரல் செய்தியாகத்தான் அனுப்புவார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதே அவர் ஒன்று அனுப்பினார். படிவத்தின் கடைசியில் நான் வைத்திருந்த பொத்தானின் பச்சை நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படி வந்த குரல் செய்திகள் என் போனில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஆனால் அக்காவுக்கே எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. நாக்கில் வந்தது வந்ததுதான். முதலாளியிடமும் அப்படித்தான், போதகரிடமும் அப்படித்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார். அந்த வாயில்தான் நோய் தொடங்கியது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் ‘ழ’ வரவில்லை என்று சொன்னார். பல் கட்டிவிட்ட டாக்டர்மேல் பழியைப் போட்டார். பிறகு ‘ற’ போயிற்று. தேநீர் குடித்தால் புரையேறியது. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒன்றொன்றாகச் சாகிற நோய் என்று திருவனந்தபுரத்து மருத்துவமனையில் பெயர் சொன்னார்கள். மருந்து சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, குழறுகிற நாக்கோடு எங்கள் எல்லாருக்கும் அவரே சொன்னார். நாக்குதான் முதலில் போகுமாம், நான் அதற்கு ரொம்ப வேலை கொடுத்துவிட்டேன் பார் என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்று அவருக்குக் கோபம் வந்தது.

ஆறு மாதத்தில் பேச்சு முழுவதும் நின்றது. குவைத்திலிருந்த அவர் தம்பி, பேனாவோடு ஒரு பெரிய டேப்லெட் அனுப்பினார். கட்டங்களைத் தொட்டால் பேசுகிற செயலிகள் அதில் இருந்தன. கை அதற்குள் நடுங்கத் தொடங்கிவிட்டது. விரல் போகிற வழியில் உரசுகிற கட்டமெல்லாம் சத்தம் போட்டது. தண்ணீர் கேட்கப் போனால் ‘வலிக்கிறது, பாத்ரூம், நன்றி, தண்ணீர்’ என்று கத்தும், அதுவும் ஏதோ ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிக் குரலில். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார்: ‘உமா. எனக்கு எட்டிப் பாக்கணும்.’

படித்ததும், அவர் கேட்பது ஹோவர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பேனாவுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணாடியைத் தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்தாலே டேப்லெட் அதை உணரும். மவுஸ் செய்கிற வேலையை அதை வைத்துச் செய்யவைக்கலாம். இரண்டு வாரம் உட்கார்ந்து, சொற்கட்டங்களும் எழுத்துக் கட்டங்களுமாக ஒரு சொற்பலகை எழுதினேன். பேனா மேலே நின்றால் கட்டம் விரிந்து, அவர் காதில் மாட்டிய கருவியில் மட்டும் சொல்லை மெல்லச் சொல்லும். பேனா கண்ணாடியைத் தொட்டால்தான் வெளியே கேட்கும். விரலும் உள்ளங்கையும் எங்கே பட்டாலும் கணக்கில்லை. குரலுக்கு எங்கும் போகவில்லை. எனக்கு வந்த அந்தத் தப்புச் செய்திகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்து ஒட்டினேன். அக்கா தன் பழைய குரலிலேயே பேசினார். முதல் தடவை கேட்டபோது செல்வதாஸ் அண்ணன் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

அண்ணனுக்கு ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளைப் பழுதுபார்க்கிற வேலை. கை தளராமல் இருக்க, குண்டுகள் உருளுகிற பழைய பேரிங்கு வைத்து ஒரு தாங்கி செய்தார். மணிக்கட்டை அதில் வைத்தால், கை எடையில்லாமல் பலகைமேல் வழுக்கிக்கொண்டு போகும். பேனா எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று மூன்று நாள் அளந்தார்.

பலகையைச் சோதித்ததும் அக்காதான், வேறு யார். முதல் நாளே பதினொரு தப்பு வந்தது. கழுதை என்ற சொல் இல்லை என்பது ஒன்று, அது என்னைத் திட்ட. இன்னொன்று, ‘வேண்டாம்’ கட்டத்தைப் பற்றி. நான் அதை ‘ஆம்’ கட்டத்துக்குப் பக்கத்தில், மேலே வைத்திருந்தேன். ‘அதைக் கீழ வலது மூலைக்குக் கொண்டுவா. கை தளந்தா அங்கதான் விழும். எனக்கு அதிகம் வேண்டியது அதுதான்’ என்று எழுதியிருந்தார். உண்மைதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தைலமோ ஒரு வைத்தியர் பெயரோ கொண்டுவந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் மட்டும் ஒரு அலமாரி நிறைய இருந்தன. சிரித்துக்கொண்டே கட்டத்தை மூலைக்கு நகர்த்தினேன்.

அதன்பிறகு வந்த நான்கு மாதத்தைத்தான் நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். திங்கள்நகர் பக்கத்தில் அவர்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். பேனா ‘போதும்’ மேல் நிற்கும், ‘இன்னும் கொஞ்சம்’ மேல் நிற்கும், ‘கழுதை’ மேல் வந்து என்னைப் பார்க்கும். காதில் கேட்டுக்கொள்வார். பிறகு எதையும் தொடாமல் திரும்பிப் போய்விடுவார். ‘இப்பதான் யோசிச்சுப் பேசுதேன்’ என்று ஒருநாள் எழுதிக் காட்டினார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எந்த வேலைக்கும் வந்ததில்லை.

பிறகு கையை இறக்கவும் ஏற்றவும் முடியாமல் போயிற்று. தாங்கியின்மேல் பக்கவாட்டில் நகர்த்த மட்டும் முடிந்தது. எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டேன். ஒரு கட்டத்தின் மேல் பேனா இரண்டு வினாடி நின்றால், தொட்டதாக எடுத்துக்கொண்டு பலகை பேசிவிடும். ஒருநாளில் எழுதி முடித்து, பெருமையோடு கொண்டுபோனேன். அக்கா அரைமணி நேரம் சோதித்தார். பிறகு எழுத்துக்கு இரண்டு வினாடியாக, பொறுமையாக எழுதினார்: ‘பேசுது. ஆனா எட்டிப் பாக்க முடியல்ல.’

நான்கு வினாடி ஆக்கிப் பார்த்தேன். அதற்குள் கை தளர்ந்து வேறு கட்டத்துக்கு வழுக்கிவிட்டது. மூன்று வைத்தேன், அதுவும் சரிவரவில்லை. பேச்சு வேண்டுமா, எட்டிப் பார்ப்பது வேண்டுமா என்றால், பேச்சைத்தானே கொடுக்க முடியும்? இரண்டு வினாடியிலேயே விட்டுவிட்டேன்.

அந்த மாதம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போதகர் நல்ல மனிதர், ஆனால் ஜெபம் நீளம். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, கூடத்தின் நடுவிலிருந்து அக்காவின் குரல் கணீரென்று கேட்டது: “போதும்.” போதகர் பாதி வாக்கியத்தில் நின்றார். அவசரமாக ஒரு ஆமென் சொன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வந்திருந்தவர்களில் ஒருவர், பாவம், கர்த்தரிடம் போக ஆசைப்படுகிறாள் என்று கண்ணைத் துடைத்தார். அப்புறம் எல்லாரும் துடைத்தார்கள். அக்காவின் தோள் குலுங்கியது. அந்த நோயில் சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பார்த்து எழுதினார்:

‘நான் சொல்லல்ல. நெனச்சேன்.’

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அடக்கத்துக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். தாங்கியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தார். பேரிங்கைத் துடைத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னார். மூச்சு முட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் டாக்டர் இருவரையும் வைத்துத் தெளிவாகப் பேசினாராம். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால், எந்திரம் மூச்சு விடும். இன்னும் கொஞ்ச காலம், ஒருவேளை சில வருஷம்கூட இருக்கலாம். பிறகு அதை எடுக்க முடியாது. இல்லையென்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அவங்களே சொல்லட்டும் என்றார் டாக்டர். அண்ணன் பலகையைக் கட்டிலில் மாட்டி, கையைத் தாங்கியில் வைத்தார். அக்காவின் குரல் “வேண்டாம்” என்றது. சந்தேகமே இல்லாத குரல். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகக் கேட்ட குரல். அண்ணன் தலைகுனிந்து சரி என்றார். சாயங்காலம் டாக்டர் இன்னொரு தடவை கேட்க வந்தபோது, அக்காவுக்குக் கண் சொருகியிருந்தது. பிறகு தெளியவில்லை.

சொல்லி முடித்துவிட்டு, பேரிங்கை விரலால் ஒரு சுற்று சுற்றினார். அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.

“கட்டிலைத் தலைமாட்டுல தூக்கி வச்சிருந்தாங்க. பலகையும் சரிஞ்சுதான் இருந்திருக்கும். நான் டாக்டருக்க மூஞ்சியைப் பாத்துட்டு நிந்நேன், பேனாவப் பாக்கல்ல” என்றார். “நீ எழுதினதுதானே மக்கா அது. நீ சொல்லு. அவ சொன்னாளா, கை வழுகி அதுவா சொல்லிச்சா?”

அப்போதுதான் எனக்கு அந்த மூலை நினைவு வந்தது. கை தளர்ந்தால் விழுகிற மூலை. பேனா தொட்டால்தான் பேசும் என்று இருந்தபோது அவர் கேட்டு வைத்த இடம் அது. சும்மா நின்றாலே பேசும் என்று மாற்றி எழுதியபோது, அந்தக் கட்டத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இடையில் பல தடவை அது தானாக வேண்டாம் என்று சொல்லியிருக்கும். நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. எதற்கும் வேண்டாம் என்கிற ஆள்தானே அக்கா. பேனா எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று பலகை குறித்து வைக்கவும் இல்லை. அவர் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நான்தான் அதை எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தாலும், நின்றது தெரியும், ஏன் நின்றது என்று தெரியாது. உண்மையாகவே சொல்லியிருக்கலாம். கை வழுக்கியிருக்கலாம். அல்லது அவர் சொல்லாமல், சும்மா நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அக்காதான் சொன்னாங்க என்று நான் சொன்னால், இந்த மனிதர் நிம்மதியாக உறங்குவார். தெரியவில்லை என்று சொன்னால், அதுதான் உண்மை. எனக்கு நாக்கு இருக்கிறது. நல்ல வாயாடி நாக்கு. இந்தச் சொல்லின் மேல் போய் நின்றேன், அந்தச் சொல்லின் மேல் போய் நின்றேன். இரண்டு வினாடிக்கு வெகுநேரம் மேலாகிவிட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். “செரி மக்கா” என்று சொல்லிவிட்டு, தாங்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எதைச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து, இரண்டு வினாடிப் பலகையைப் பற்றி அவர் எனக்கு எழுதிய தப்புகளையெல்லாம் எடுத்துப் படித்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ‘கழுதை’ கட்டத்துக்குச் சத்தம் போதாது என்று எழுதியிருக்கிறார். மூலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் தப்பு ஒன்றைக்கூட விடாத கண் அது. கண்ணில் படவில்லையா, பட்டும் விட்டுவிட்டாரா? ரசவடை தின்றுவிட்டுச் சொன்ன ஆள் முன்கூட்டியே என்னை எச்சரித்துத்தான் இருக்கிறார். எச்சரித்து என்ன பயன், கேட்க இப்போது ஆள் இல்லை.

பேனாவை எனக்குத் தருவதாக அண்ணன் சொல்லியனுப்பினார். வாங்கிக்கொள்ளவில்லை. போனில் இருக்கிற அத்தனை குரல் செய்திகளில் எனக்கு வேண்டியது ஒன்று மட்டும். பஸ் சத்தத்துக்கு நடுவில், பத்து வினாடிகூட இருக்காது. பலகையில் ஒட்டிய அந்தச் சொல்லை இதிலிருந்துதான் வெட்டினேன். வெட்டாத முழுச் செய்தியை இப்போது தினமும் ஒருதரம் கேட்கிறேன். “ஏட்டி உமா, அந்தப் பச்சை வேண்டாம். கண்ணுக்குப் பிடிக்கல்ல. மாத்திட்டு எனக்கிட்ட சொல்லு.” இந்தக் குரலில் ஒலித்த வேண்டாம்களில், அவர் சொன்னதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இந்த ஒன்று மட்டும்தான்.